மஞ்சக் கடுதாசி: நொடித்துப்போகும் உரிமை யாருக்கு?

ஊருக்குள் ஒரு ஜவுளிக்கடைக்காரர் கடனில் மூழ்கினால் 'பாவம், நொடிச்சுப் போயிட்டாரு' என்று பேசுகிறார்கள். சேரிக்காரன் வாங்கினதைக் கட்ட முடியாமல் பெங்களூர்ப் பக்கம் கட்டிட வேலைக்குப் போய்விட்டால் 'ஏமாத்திட்டு ஓடிட்டான்' என்று பேசுகிறார்கள். அங்கே 'ஆரு', இங்கே 'ஆன்'. கவிதை எழுதுகிறவனுக்கு விகுதியில்தான் கண் போகும் என்று நண்பர்கள் கேலி பண்ணலாம். பண்ணட்டும். பகலெல்லாம் வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து கடன் கணக்குப் பார்க்கிற குமாஸ்தாவும் நான்தான். இந்த 'ஆரு'வும் 'ஆனு'ம் கடைசியில் எப்படி ரூபாயாக மாறுகின்றன என்பதைத் தினம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஜவுளிக்கடைக்காரர் அடுத்து என்ன செய்வார்? வக்கீலைப் பார்ப்பார். ஐ.பி. போடுவார். கடன் கொடுத்தவர்கள் வீட்டுக்கெல்லாம் மஞ்சக் கடுதாசி போகும். கொஞ்ச நாள் தலைமறைவு. அப்புறம் மச்சான் பெயரில் பக்கத்துத் தெருவில் கடை திறக்கும். நம்ம ஆள் என்ன செய்வான்? குடும்பத்தோடு சூளைக்குப் போவான். இல்லை, மருந்தைக் குடிப்பான். 2003-லேயே தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. அப்படியிருந்தும் 2017 அக்டோபரில் ஒரு கூலிக் குடும்பம், புருஷன் பெண்டாட்டி இரண்டு பிள்ளைகள், நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே தீயில் வெந்தது. அதற்கு முன்னால் அவர்கள் மனு மேல் மனுவாகக் கொடுத்திருந்தார்கள். 'கட்ட முடியலைன்னு கோர்ட்ல சொல்ல ஒரு வழி இருக்கு' என்று அவர்களிடம் யாராவது சொல்லியிருப்பார்களா என்று அன்றைக்கு யோசித்தேன். பல நாள் யோசித்தேன்.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்க சின்னம்மா வீட்டுக்கு வந்தாங்க. கையில் துணிப்பை. பைக்குள்ளே குழு அட்டைகள், நகைக்கடன் ரசீது, எதையோ எழுதிக் கையெழுத்து வாங்கின புரோநோட்டின் ஜெராக்ஸ். அதையெல்லாம் பாயில் பரப்பி வைத்துவிட்டுக் கேட்டாங்க: 'ஏம்பா, மஞ்சக் கடுதாசி குடுத்துட்டா எல்லாக் கடனும் போயிடுதாமே. நாமளும் குடுக்கலாமா? இல்ல, அது அவுங்களுக்கு மட்டுந்தானா?'

இந்தக் கட்டுரையே அந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான்.

சேரிக்கு மஞ்சக் கடுதாசி புதிதல்ல. ஆனால் நாம் அதை வாங்கித்தான் பழக்கம், கொடுத்துப் பழக்கமில்லை. சீட்டுப் பிடித்தவர் நொடித்தால், சித்தாள் வேலைக்குப் போய் மாசம் ஐநூறு கட்டின பெண்களின் வீட்டுக்குத்தான் அந்தக் கடுதாசி வரும். ரைஸ்மில்காரர் நொடித்தால் கூலி பாக்கி நிற்கிறவர்கள் நாம். இப்படி நொடித்தவரின் சொத்தைப் பங்கு போடும்போது முதலில் யாருக்குக் கொடுப்பது என்று 1920-ஆம் வருஷத்து மாகாண நொடிப்புச் சட்டம் வரிசை சொல்கிறது. அந்த முன்வரிசையில் கூலிக்காரனுக்கும் இடம் உண்டு. எவ்வளவு தெரியுமா? கடைசி நாலு மாசக் கூலியில், மொத்தம் 20 ரூபாய்க்கு மேற்படாமல். இது 1920-இல் எழுதின தொகை. இன்னும் அப்படியே கிடக்கிறது. மீதிக் கூலிக்கு மற்றக் கடன்காரர்களோடு வரிசையில் நிற்க வேண்டியதுதான். இந்தச் சட்டம் யாரை மனதில் வைத்து எழுதப்பட்டது என்பதற்கு இந்த 20 ரூபாய் ஒன்று போதாதா?

ஆனாலும் சின்னம்மாவிடம் 'அது அவுங்களுக்கு மட்டுந்தான்' என்று நான் சொல்லவில்லை. சட்டத்தில் அப்படி இல்லை. வாங்கின கடனைத் தீர்க்க வழியில்லாத எவரும் தானே மனுப் போடலாம். கடன் மொத்தம் 500 ரூபாய் இருந்தால் போதும். சென்னை நகரத்துக்கு 1909-ஆம் வருஷத்துச் சட்டம், மனு உயர்நீதிமன்றத்துக்குப் போகும். நமக்கெல்லாம் 1920 சட்டம். மாவட்ட நீதிமன்றம், அல்லது அதற்கு அதிகாரம் கொடுக்கப்பட்ட சார்பு நீதிமன்றம். யார் யாருக்கு எவ்வளவு, என்ன சொத்து இருக்கிறது என்று ஒளிக்காமல் பட்டியல் கொடுக்க வேண்டும். பொய்ப் பட்டியல் கொடுத்தால் ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் உண்டு. மனுப் போடுவதற்கு முந்தின ரெண்டு வருஷத்துக்குள் சொத்தைச் சும்மா தானமாகப் பெண்டாட்டி பேருக்கோ மச்சான் பேருக்கோ எழுதி வைத்திருந்தால் அதைக் கோர்ட்டு செல்லாதென்று சொல்ல முடியும். ஜவுளிக்கடைக்காரர்கள் இதற்கும் வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள், அது தனிக் கதை.

அடுத்து எல்லோரும் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிற ஒன்று. வக்கீல் நோட்டீஸ் போன அன்றைக்கே கடன் செத்துவிடுவதில்லை. மனுப் போட்டாலும் சாவதில்லை. கோர்ட்டு விசாரித்து, 'இவர் நொடித்தவர்' என்று உத்தரவு போட வேண்டும். அதற்குப் பிறகுதான் கடன்காரர்கள் கோர்ட்டு அனுமதி இல்லாமல் உன்மேல் தனி வழக்குப் போட முடியாது. உன் சொத்து ரிசீவர் கைக்குப் போகும். அவர் அதை விற்றுப் பங்கு போடுவார். அப்புறமும் நீயாக, கோர்ட்டு சொன்ன கெடுவுக்குள், 'என்னை விடுவியுங்கள்' என்று இன்னொரு மனுப் போட வேண்டும். போடாமல் விட்டால் முதல் உத்தரவையே ரத்து செய்துவிடுவார்கள். கடன் பழையபடி எழுந்து வாசலில் நிற்கும். எத்தனையோ பேர் இந்தக் கடைசிப் படியில் சறுக்கி விழுகிறார்கள். வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லாமல் போவதே பல நேரம் காரணம்.

'இருக்கறதெல்லாம் புடிங்கிக்குவானா?' சின்னம்மாவின் அடுத்த கேள்வி. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு இங்கே நமக்குத் துணை. உடுத்துகிற துணி, சமைக்கிற பாத்திரம், படுக்கிற பாய், கழற்றக்கூடாதென்று மத வழக்கமுள்ள தாலி, கைத்தொழில் செய்கிறவனின் கருவிகள், கூலியாள் குடியிருக்கிற வீடு, அவனுடைய கூலி, இவற்றை ஜப்தி செய்ய முடியாது. ரிசீவரும் தொட முடியாது. அதாவது நம் தெருவில் பாதிப் பேருடைய மொத்த சொத்தும் இந்தப் பட்டியலுக்குள்ளேயே அடங்கிப்போகிறது. இழக்க ஒன்றுமில்லாதவனுக்கு இந்தச் சட்டம் ஜவுளிக்கடைக்காரருக்கு உதவுவதைவிட அதிகமாக உதவ வேண்டியது. ஆனால் அவர்தான் கோர்ட்டுக்குப் போகிறார். நாம் சூளைக்குப் போகிறோம்.

'கட்டலைன்னா ஜெயில்ல போட்ருவேன்னு அந்தக் குழுத் தம்பி சொல்றானே?' சொல்லுவான். அவனுக்கு அது வேலை. வெறும் கடன் பாக்கிக்குப் போலீஸ் வந்து கைது செய்ய முடியாது. கோர்ட்டில் டிக்கிரி வாங்கினாலும் பணக் கடனுக்காகப் பெண்ணைச் சிறையில் வைக்கக் கூடாது, 56-ஆம் பிரிவு. ஆம்பிளையையும்கூட, இல்லாமையால் கட்டவில்லை என்பதற்காக மட்டும் உள்ளே தள்ள முடியாது, இருந்தும் மறைக்கிறான் என்று காட்ட வேண்டும் என்று 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு. செக் கொடுத்துத் திரும்பி வந்திருந்தால் மட்டும் கதை வேறு. அது குற்ற வழக்கு, மஞ்சக் கடுதாசி அதற்குக் குடை பிடிக்காது. அதனால்தான் வெற்றுச் செக்கில் கையெழுத்து வாங்குகிறார்கள். கொடுக்காதீர்கள். குழுக் கடன் வசூலுக்கும் ரிசர்வ் வங்கி 2022-இல் விதி போட்டிருக்கிறது. காலை 9 மணிக்கு முன்னாலும் சாயங்காலம் 6 மணிக்குப் பின்னாலும் கூப்பிட்டுத் தொல்லை பண்ணக் கூடாது. பொதுவாக ஒத்துக்கொண்ட இடத்துக்கு ரெண்டு தரம் தொடர்ந்து வராமல் போனால்தான் வீட்டுக்கே வரலாம். எங்க தெருவில் ராத்திரி எட்டு மணிக்கு பைக் நிற்கிறது.

இனி போகாத கடன்கள். நகை அடமானம் போகாது. பொருளைப் பிடித்து வைத்திருக்கிறவனை இந்தச் சட்டம் அசைப்பதில்லை, நகை ஏலத்துக்குத்தான் போகும். (அந்த ஏல நோட்டீசை டைப் அடிக்கிறவன் நான். எத்தனை தோடு, எத்தனை கிராம் என்று.) அரசாங்கத்துக்குச் சேர வேண்டியது போகாது. கோர்ட்டு உத்தரவிட்ட ஜீவனாம்சம் போகாது, போகவும் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. நீ விடுதலை ஆனாலும் உனக்கு ஜாமீன் போட்டவர் விடுதலை ஆவதில்லை. 44-ஆம் பிரிவில் தெளிவாகவே இருக்கிறது.

குழுக் கடன் எங்கே நம் கழுத்தைப் பிடிக்கிறது என்பது இங்கேதான் தெரியும். பத்துப் பெண்கள், ஒருத்திக்கு ஒருத்தி கையெழுத்து. அடமானம் இல்லாக் கடன் என்கிறார்கள். அடமானம் இல்லாமல் இல்லை, பக்கத்து வீட்டுக்காரிதான் அடமானம். ஒருத்தி கட்டவில்லை என்றால் மீதி ஒன்பது பேரும் அவள் வாசலில் போய் உட்கார வேண்டும். அந்தக் காலத்தில் ஆண்டை ஆளை அனுப்புவான். இப்போது நம்மையே நமக்கு ஆளாக அனுப்புகிறார்கள். சின்னம்மா இதைக் கேட்டதும் அட்டைகளைத் திரும்ப அடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. 'அப்ப நான் கடுதாசி குடுத்தா அவளுங்க தலையில விழும். வேணாம்பா' என்றாங்க.

இந்த 'வேணாம்பா'வை நாணயம் என்பதா, தந்திரத்தில் மாட்டினது என்பதா, எனக்குத் தெரியவில்லை. நாணயம் என்ற சொல்லுக்கே தமிழில் காசு என்றும் நேர்மை என்றும் இரண்டு பொருள். காசு இல்லாதவனிடம் நேர்மை இருக்காதென்று மொழியே தீர்மானம் போட்டுவிட்டது. ஆனால் நான் பார்த்த அளவில் தவணை தேதிக்கு ஒரு நாள் முன்னால் பணத்தைத் துணியில் முடிந்துகொண்டு வந்து நிற்கிறவர்கள் சேரிப் பெண்கள்தான். தவணை தள்ளிப்போட மேனேஜர் அறையில் காப்பி குடிக்கிறவர்கள் வேறு ஆட்கள்.

கடனிலும் சாதி உண்டு என்று நாம் சொன்னால் 'எல்லாத்திலும் சாதியைப் பார்க்காதே' என்கிறார்கள். நாம் பார்க்கவில்லை, மனு பார்த்திருக்கிறான். அவனுடைய எட்டாம் அத்தியாயத்தைப் புரட்டுங்கள். வட்டி மாசத்துக்கு நூற்றுக்கு இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று வர்ணப்படி ஏறுகிறது. மேலே இருப்பவனுக்கு இரண்டு, சூத்திரனுக்கு ஐந்து. கணக்கிலேயே வராத நமக்கு எத்தனை என்று அவன் எழுதவும் இல்லை. கட்ட முடியாவிட்டால்? கீழ்ச்சாதிக்காரன் உடம்பால் உழைத்துத் தீர்க்க வேண்டும். மேல்சாதிக்காரன் மெள்ள மெள்ளக் கொடுத்தால் போதும். பண்ணையாள் முறைக்கும் தவணை நீட்டிப்புக்கும் சாஸ்திரம் ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

வெள்ளைக்காரன் காலத்துக்கு வருவோம். செங்கல்பட்டில் கலெக்டர் பொறுப்பிலிருந்த திரமென்ஹீர் 1891-இல் நம் ஜனங்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கையில், அற்பத் தொகைக்காகப் படியாட்கள் மிராசுதாரிடம் கட்டுப்பட்டுக் கிடந்ததைப் பதிவு செய்தார். அதற்கு அடுத்த வருஷம் பஞ்சமி நில ஆணை வந்தது. பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, அதன்பிறகும் நம்மவர்களுக்குத்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. அந்த நிலம் பின்னால் எப்படிக் கை மாறியது? பெரும்பாலும் கடன் என்ற பெயரில், ஒரு கைநாட்டில். அதை மீட்கப் போய் 1994-இல் காரணை நிலப் போராட்டத்தில் இரண்டு உயிர்களைக் கொடுத்தோம். ஆகவே தோழர்களே, கடன் பட்டியலில் 'நிலத்து மேல வாங்கினது' என்று ஒரு வரி வந்தால் முதலில் அந்த நிலத்தின் பழைய ஆவணத்தைப் பாருங்கள். நிபந்தனைப் பட்டா நிலத்தை வெளியாளுக்கு எழுதிக்கொடுத்த பத்திரமே செல்லாது.

1938-இல் ராஜாஜி மந்திரிசபை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. பாடப்புத்தகத்தில் புரட்சி என்று படித்தோம். அந்தச் சட்டத்தில் விவசாயி என்றால் யார்? நிலத்தில் உரிமையோ குத்தகையோ உள்ளவர். சேற்றில் இறங்கி நட்டவள் விவசாயி இல்லை. அவள் கடனுக்கு நிவாரணம் இல்லை.

இப்போது 2016-க்கு வருவோம். புது திவால் சட்டத் தொகுப்பு வந்தது. கம்பெனிகளுக்கான பகுதி உடனே ஓட ஆரம்பித்தது. ஆலோக் இண்டஸ்ட்ரீஸ் என்ற ஜவுளிக் கம்பெனி தர வேண்டியது சுமார் 29,500 கோடி. 2019-இல் சுமார் 5,000 கோடிக்குக் கணக்கை முடித்தார்கள். இதற்கு எங்கள் வங்கி பாஷையில் 'ஹேர்கட்' என்று பெயர். யார் தலையில் கத்தி என்று கேட்கக் கூடாது. அதே சட்டத்தில் ஏழைகளுக்கென்று 'புதிய தொடக்கம்' என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. ரொம்ப நல்ல பெயர், நான்கூட ஒரு கவிதைக்கு வைத்திருக்கிறேன். அதில் யார் விண்ணப்பிக்கலாம்? வருஷ வருமானம் 60,000-க்குள், சொத்து 20,000-க்குள், கடன் 35,000-க்குள், சொந்தமாக வீடு இருக்கக் கூடாது. காலனியில் அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு, மழைக்கு ஒழுகுகிற அந்த ஒற்றை அறை, பட்டா உன் பேரில் இருந்தால் நீ வீட்டுக்காரன். போய் வா. குழுக் கடன் கொடுப்பதற்கு மட்டும் வருஷம் 3 லட்சம் வரை சம்பாதிக்கிற குடும்பத்தை ஏழை என்று சேர்த்துக்கொள்கிறார்கள், 2022 விதிப்படி. கடன் கொடுக்க 3 லட்சம், கடனை விட 60,000. இடையில் இருப்பவர்கள் என்ன செய்வது?

அந்த அரைகுறை அத்தியாயத்தையும் நம்மேல் பிரயோகிக்கவில்லை. தனி மனிதர்கள் பகுதியை 2019 டிசம்பர் 1-இலிருந்து கம்பெனிகளுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும் அமல் செய்தார்கள். மற்ற ஜனங்களுக்கு இன்னமும் 1909-உம் 1920-உம்தான். முதலாளிக்குப் புதுச் சட்டம், நமக்குப் பாட்டன் காலத்துச் சட்டம்.

இவ்வளவு சொன்ன பிறகும் என் கருத்து இதுதான்: நம் ஜனங்கள் இந்தப் பழைய கதவையாவது தட்ட வேண்டும். 'கடனை ஏமாத்தச் சொல்றியா, அப்புறம் எந்த வங்கி நமக்குத் தரும்?' என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. சிபிலில் பெயர் கெடும், கொஞ்ச காலத்துக்குக் கடன் கிடைக்காது. நொடித்தவர் என்ற உத்தரவு இருக்கும்வரை பஞ்சாயத்து, சட்டமன்றப் பதவிகளுக்கு வர முடியாது. தனித்தொகுதித் தலைவர்கள் இதைக் கவனமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கடன் கொடுத்தவனும் உன்னை நொடித்தவன் என்று அறிவிக்கச் சொல்லி மனுப் போட முடியும். என்னைக் கேட்டால், நான் போடவே முடியாது. 1949 வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 10-ஆம் பிரிவுப்படி ஒரு தடவை நொடித்தவன் என்று அறிவிக்கப்பட்டவன் எப்போதுமே வங்கி வேலையில் இருக்கக் கூடாது. நான் பத்துப் பேருக்கு ஜாமீன் போட்டு வைத்திருக்கிறேன். சேரியில் ஒரு சம்பளக்காரன் என்றால் அவன் கையெழுத்து ஊர்ச் சொத்து. ஆக, இழப்பு உண்டு. மருந்து பாட்டிலோடு ஒப்பிட்டுத்தான் அந்த இழப்பை எடை போட வேண்டும்.

ஆனால் கோர்ட்டுக்குப் போவதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. அதை வக்கீல்கள் சொல்வதில்லை. கடன் எது, கட்டு எது என்று பிரிக்க வேண்டும்.

சின்னம்மாவின் பட்டியலை ரூல்டு நோட்டில் எழுதினேன். ரெண்டு குழுக் கடன், பாக்கி 38,000-உம் 27,000-உம். நகை ஒன்றரைப் பவுன். பத்து வட்டிக்கு வாங்கின 10,000, அதற்கு வட்டியாகவே இதுவரை கட்டினது 22,000. கடைசியாக, குரலைத் தாழ்த்திச் சொன்னாங்க: 'சித்தப்பா சூளையில வாங்கின அட்வான்ஸ் அறுவதாயிரம். மூணு வருசமா கழிக்கிறோம், கழிய மாட்டேங்குது. போன பொங்கலுக்கு வரேன்னவரை மேஸ்திரி விடல.'

அந்த அறுபதாயிரத்தை நான் எழுதவில்லை. எழுதக் கூடாது. முன்பணம் கொடுத்து, அதைக் காட்டி ஆளை வேறு வேலைக்கோ வெளியிலோ போக விடாமல் வைத்திருந்தால் அது கொத்தடிமை முறை. 1976-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 6-ஆம் பிரிவுப்படி அந்தக் கடன் ஒழிந்துபோனது. தள்ளுபடி இல்லை, தவணை இல்லை, ஒழிந்தது. அதற்கு ஐ.பி. வேண்டாம், ரிசீவர் வேண்டாம். கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்து, விசாரணை நடத்தி, விடுதலைச் சான்று வாங்க வேண்டும். அப்படி வைத்திருந்தவனுக்கு மூணு வருஷம் வரை ஜெயில். இதை நாமே 'கடன்' என்று பட்டியலில் எழுதி கோர்ட்டில் கொடுத்தால், இல்லாத கடனை ஒத்துக்கொண்டதாக ஆகும். நம்ம வாயாலேயே ஆண்டைக்கு ரசீது. முதலில் விடுதலைச் சான்று, அதற்கு அப்புறம்தான் மற்றப் பேச்சு. பத்து வட்டியும் அப்படித்தான், 2003 சட்டப்படி அது குற்றம். கட்டின 22,000-க்குக் கணக்குக் கேட்க வேண்டியவர் சின்னம்மா.

இந்த ரெண்டையும் கழித்தால் மிச்சம் குழுக் கடன் அறுபத்தஞ்சாயிரம், நகைக்கடன். சின்னம்மா நோட்டையே ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டிருந்தாங்க. 'இவ்வளவுதானா?' என்றாங்க.

இவ்வளவுதான் என்றாலும் அது அவங்களுக்கு மலை. அதுக்கு ஐ.பி. போடுவதா, கம்பெனியோடு பேசித் தவணையை நீட்டுவதா என்பதை அந்த ஒன்பது பேரைக் கேட்காமல் முடிவு பண்ண முடியாது. நம் அமைப்புகள் இறங்க வேண்டிய இடம் இதுதான். தெருவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு நோட்டு, படிக்கத் தெரிந்த ரெண்டு பேர். வட்டச் சட்டப் பணிகள் குழுவில் தாழ்த்தப்பட்டவர்களுக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தர வேண்டும், 1987 சட்டத்தில் இருக்கிறது. கேட்டால்தான் தருவார்கள். பத்துப் பேராகக் கேட்டால் சீக்கிரம் தருவார்கள்.

சித்தப்பாவுக்கான மனுவை நானே டைப் அடித்தேன், வங்கி மெஷினில் இல்லை, கடைத்தெருவில். கோட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்க மாட்டேன் என்றார்கள். மத்தியானம் வரை நின்று, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டுதான் வந்தோம். வர்ற ஞாயிறு மத்த ஒன்பது பேரையும் அட்டையோடு கூட்டி வரச் சொல்லியிருக்கேன். ஆறு பேர் வரேன்னு சொல்லியிருக்காங்களாம்.